கேத்திலைக் கராஜுக்குக் கொண்டுபோன சனிக்கிழமை

ஜெனி, அன்ரன்,

முதல் ஸ்னோ விழுகிற கிழமை நான் கடைக்கு வந்து கேத்திலும் கையுமாகக் கோப்பி வறுக்கிற அறைக்குள் போவதும், நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பதும் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். இந்த முறை புதிதாகச் சேர்ந்த பிள்ளை, "அங்கிள் தேத்தண்ணி போடப் போறாரோ?" என்று கேட்டதும், "அது அப்பான்ரை நேத்திக்கடன்" என்று அன்ரன் சொன்னதும் என் காதில் விழுந்தது. நேத்திக்கடன் இல்லை. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இயந்திரத்தை உங்கள் கையில் தந்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். இனி அந்தக் கேத்திலை நீங்கள்தான் தூக்க வேண்டும். ஆனபடியால் எழுதுகிறேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

நாங்கள் பியர்பொன்ட்ஸ் பகுதி வீட்டில் இருந்த காலம் அது. நான் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலை மூடியபின், ஓய்வுபெற்ற ஒரு இத்தாலியரிடம் சின்ன வறுக்கும் உருளை ஒன்றை வாங்கிக் கராஜுக்குள் வைத்தேன். காஸ் அடுப்பின்மேல் சுழலுகிற உருளை. பிஸ்கட் வேகிற போறணைக்குப் பக்கத்தில் இத்தனை வருசம் நின்றவனுக்குக் கோப்பிக்கொட்டை வறுப்பது பெரிய வேலையா என்று நினைத்தேன். பெரிய வேலைதான். ஒரே மூட்டைக் கொட்டை, ஒரே அடுப்பு, ஆனால் ஒரு நாள் தேன் மாதிரி, மறுநாள் கரி மாதிரி. ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கோப்பிக்கடை இருந்தது. அதை நடத்திய கியூபெக்காரப் பெண்மணி என் கோப்பியைக் குடித்துப் பார்த்துவிட்டு, நல்லாய் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கிழமையும் இதே ருசி வருமென்றால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் மென்பொருள். இணையத்தில் வீட்டில் கோப்பி வறுக்கிறவர்கள் கூடிக் கதைக்கிற ஓரிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, எல்லாரும் எடுத்துப் பாவியுங்கள் என்று போட்டிருந்தார். உருளைக்குள் ஒரு உலோகக் குச்சியைச் செருகி, அதன் கம்பியை ஒரு அளவுப் பெட்டியில் பூட்டி, பெட்டியைக் கணினியில் கொழுவினால், கொட்டையின் சூடு ஒரு கோடாகத் திரையில் ஏறும். நல்லாய் வந்த ஒரு வறுவலின் கோட்டை வைத்துக்கொண்டு, அடுத்த வறுவலை அதன்மேலேயே நடத்தலாம். ஜெனி, நீ சிஜெப் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பழசாக்கிய லப்ரொப்பில் அதைப் போட்டுத் தந்தாய். எல்லாம் பிரெஞ்சில் வரும்படி வைத்திருந்தாய். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அந்தத் திரையில் படித்ததுதான்.

கம்பி கட்டினது நான். அங்கேதான் சனியன் பிடித்தது.

குச்சியோடு வருகிற கம்பி குட்டை. அதனால் அதிலே ஒரு நீட்டுக் கம்பியைச் சேர்த்துப் பெட்டி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. ஊரில் கோவில் பெருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களோடு திரிந்தவன் நான். பற்றரியில் சிவப்பு என்றால் பிளஸ் என்பது எனக்குக் கைப்பழக்கம், யோசிக்கவே தேவையில்லை. பெட்டியில் பிளஸ் என்று போட்டிருந்த இடத்தில் சிவப்பை முறுக்கி, மூடியையும் திருகாணி போட்டு இறுக்கிவிட்டேன். அடுப்பை மூட்டினால், உள்ளே கொட்டை பழுத்து வருகிறது, திரையில் கோடு கீழே இறங்குகிறது. சைபருக்கும் கீழே போய்விட்டது. அம்மா எட்டிப் பார்த்தா.

"உதென்ன, கோப்பி வறுக்கிறியளோ, ஐஸ்கிறீம் செய்யிறியளோ?"

கம்பி மாறிவிட்டது என்று விளங்கியது. ஆனால் பெட்டியில் சிவப்பு பிளஸில்தானே இருக்கிறது, அது சரிதானே என்று நினைத்தேன். அந்த மூடியைத் திருப்பிக் கழற்றவும் பஞ்சி, சோம்பல். ஆகவே அடுப்புப் பக்கத்து மூட்டில், குச்சியின் கம்பியும் நீட்டுக் கம்பியும் சேருகிற இடத்தில், மஞ்சளைச் சிவப்போடும் சிவப்பை மஞ்சளோடும் மாற்றிக் கட்டினேன். கோடு மேலே ஏறியது. கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் குச்சியை விட்டுப் பார்த்தேன், நூறு காட்டியது. எனக்குச் சந்தோசம், நல்ல புழுகம். இங்கே அந்த வகைக் கம்பியில் சிவப்புத்தான் மைனஸ் என்பது பிறகுதான் தெரியவந்தது. ஒரு பிழையைக் கழற்றாமல், அதை மறைக்க இன்னொரு பிழையைக் கட்டியிருந்தேன்.

கோடைகாலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. கராஜ் கதவைத் திறந்துவிட்டு, லப்ரொப்பை மேசையில் வைத்துக்கொண்டு, பழைய கோட்டின்மேல் புதுக் கோடு ஏறுவதைப் பார்த்து வறுத்தேன். கோப்பிக்கடைக்காரி ஒவ்வொரு கிழமையும் எடுத்தார். வேறு சிலரும் வீட்டுக்கென்று கேட்டு வாங்கினார்கள். மேலே ஒரு சுப்பவைசர் நிற்காமல் நான் செய்த முதல் வேலை அது. நீங்கள் அப்போது இதையெல்லாம் கவனித்திருக்க மாட்டீர்கள், ஆனால் நான் காலையில் கராஜுக்குள் போகும்போது சீட்டியடித்துக்கொண்டு போனேன் என்று அம்மா சொல்லுவா.

குளிர் தொடங்கியது. புகை போக வேண்டுமென்பதால் கராஜ் கதவைப் பாதி உயர்த்தித்தான் வறுக்க வேண்டும். விரல் விறைத்துப் போகும். லப்ரொப்பும் குளிருக்குச் சண்டித்தனம் பண்ணியது. ஆகவே லப்ரொப்பையும் அளவுப் பெட்டியையும் அம்மா சமைக்கிற பக்கத்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்து, நீட்டுக் கம்பியை இடைக்கதவின் கீழால் விட்டேன். அடுப்பு அங்கே, நான் இங்கே. சூடாக இருந்து திரையைப் பார்த்து, கோடு வரவேண்டிய இடத்துக்கு வந்ததும் ஓடிப்போய்க் கொட்டையை இறக்குவேன். எவ்வளவு கெட்டித்தனமான ஏற்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கோப்பி புளிக்கத் தொடங்கியது.

கடைக்காரி முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்றார், பிறகு நேரடியாகவே, இன்னும் கொஞ்சம் வறுக்க வேண்டும், இது பச்சையாய் இருக்கிறது என்றார். நானும் இன்னும் கொஞ்சம் வறுக்கத்தான் பார்த்தேன். ஆனால் திரையில் கோடு இருநூற்று முப்பதைத் தாண்டிப் போகும். அதற்குமேல் கொட்டையிலிருந்து எண்ணெய் கக்கி உருளைக்குள் நெருப்புப் பிடிக்கும் என்று இணையத்தில் எல்லாரும் எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். கராஜ் எரிந்தால் வீடும் எரியும். ஒவ்வொரு தடவையும் பயத்தில் இறக்கினேன். இறக்கிப் பார்த்தால் கொட்டை வெளிறிப்போய்க் கிடக்கும். குளிரில் காற்றுப் பட்டு நிறம் மாறுகிறதாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அம்மா அந்தத் திரையைப் பார்க்கப் பழகிவிட்டா. கோடு ஏறுகிற வேகத்தைப் பார்த்து அவவுக்கும் பயம். அந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் கராஜ் பக்கக் கதவால்தான் வந்து போவது, பனிச் சப்பாத்து, ஜக்கற் எல்லாம் அங்கேதான் இருக்கும் என்பது ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமைகளில் மட்டும் அம்மா அவற்றை எடுத்துக்கொண்டு போய் முன்வாசலில் வரிசையாக வைத்திருந்தா. ஏன் என்று அன்ரன் கேட்டதற்கு, நிலம் கழுவப் போறன் என்று சொன்னா. நிலம் கழுவ இல்லை. நெருப்புப் பிடித்தால் கராஜ் பக்கம் போக முடியாது, நீங்கள் முன்வாசலால் ஸ்னோவுக்குள் வெறுங்காலோடு ஓடக்கூடாது என்பதற்காக.

சந்தேகம் தீரட்டும் என்று குச்சியையும் கம்பியையும் கழற்றிக் குசினிக்குக் கொண்டுவந்து, கேத்திலில் விட்டுப் பார்த்தேன். நூறு. அச்சொட்டாக நூறு. அப்போ கருவியில் பிழை இல்லை, என்னில்தான் பிழை, அல்லது கொட்டையில். கொட்டை வித்தவரோடு போனில் சண்டை பிடித்தேன். பாவம், அந்த மனிசன்.

கடைசியில் கடைக்காரி, வருகிற திங்கட்கிழமை, கோடையில் தந்த மாதிரி ஒன்று கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நான் பழைய கொம்பனியிடமே போகிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னார். மூட்டையில் ஒரேயொரு வறுவலுக்குக் கொட்டை மிஞ்சியிருந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். அவ சொன்னா.

"பிள்ளையளின்ரை சப்பாத்தை முன்வாசலிலை அடுக்கிவைச்சிட்டுக் கோப்பி வறுக்கிற வீடு ஒரு வீடே அப்பா? இந்தச் சனியோடை ஒரு முடிவு எடுங்கோ. சரிவராட்டி மிசினை வித்திட்டு வேறை வேலை பாப்பம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவ கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். கோபப்படவில்லை. ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிற ஒரு பெண்மணிக்குக் கோப்பி கொடுக்கப் போனேன். தமிழ்நாட்டுக்காரர், பொறியியல் படிப்பிக்கிறவர். தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. என்னை எப்போதும் சார் என்பார். அந்த வார்த்தைக்கு நான் ஒருநாளும் பழகவில்லை. இதுதான் கடைசிப் பைக்கற்றாக இருக்கலாம் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். போன தடவை கோப்பியில் டிகாக்‌ஷன் போட்டால் பச்சைப்பயறு வேகவைத்த வாசனை வந்தது, நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கோடு, புளிப்பு, நெருப்புப் பயம், கேத்தில் சோதனை, எல்லாம். இடைமறிக்காமல் கேட்டார்.

"கெட்டில்ல செக் பண்ணீங்களே, எங்க வச்சு பண்ணீங்க?"

"குசினியிலை மேடம்."

"காபி எங்க வறுக்கறீங்க?"

"கராஜிலை."

"அப்புறம் ஏன் சார் குசினியைச் செக் பண்றீங்க?" சிரித்துவிட்டார். "வறுக்கும்போது எப்படி இருக்கோ அப்படியே எல்லாத்தையும் வச்சுட்டு, கெட்டிலைக் கராஜுக்கு எடுத்துட்டுப் போங்க. என்ன காட்டுதுன்னு எனக்குப் போன் பண்ணுங்க."

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. இதிலே என்ன வரப்போகிறது என்று யோசித்துக்கொண்டுதான் கார் ஓட்டி வந்தேன்.

சனிக்கிழமை காலை. பெட்டியும் லப்ரொப்பும் குசினியில். கம்பி கதவின் கீழால். நான் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஆவி பறக்கிற கேத்திலோடு கராஜுக்குள் நின்று குச்சியை உள்ளே விட்டேன். அம்மா திரைக்கு முன்னால்.

"என்ன காட்டுது?"

"நூற்றி முப்பத்தினாலு."

"கண்ணாடியைப் போட்டுப் பாருமப்பா."

"கண்ணாடி போட்டுத்தான் பாக்கிறன். நூற்றி முப்பத்தினாலு. இப்ப அஞ்சு."

கேத்திலைப் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீர். அது நூற்றுமுப்பத்தைந்துக்கு எப்படிப் போகும்? எங்கள் கராஜ் தண்ணீருக்கு மட்டும் தனிச் சட்டமா? அந்தக் குளிரில் எனக்கு உடம்பெல்லாம் சூடானது. இத்தனை கிழமையாக நெருப்புப் பிடிக்கப் போகிறது என்று நான் பயந்த ஒவ்வொரு தடவையும் கொட்டை நெருப்புக்குக் கிட்டவும் போயிருக்கவில்லை. வறுபடவே தொடங்காத கொட்டையைத்தான் அள்ளி இறக்கியிருக்கிறேன்.

போன் எடுத்தேன். அந்த மேடம் முதலில் கேட்டது, "சிவப்பு ஒயரை எங்க போட்டிருக்கீங்க?" சொன்னேன். மூட்டில் மாற்றிக் கட்டியதையும் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அந்தக் கம்பி சூட்டை அளக்கறதில்ல சார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்குது. நடுவுல போற நீள ஒயர் திரும்பி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல இருந்தா தப்புத் தெரியாது. உங்க குசினி சூடு, கராஜ் குளிர். அந்த வித்தியாசத்தை ரெண்டு மடங்காக் கூட்டிக் காட்டுது."

உடனே மூடியைக் கழற்றிக் கம்பியை மாற்றத்தான் என் கை துடித்தது. திருப்புளியைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. புதிதாக வந்த பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். மிஞ்சியிருப்பது ஒரு வறுவலுக்குக் கொட்டை. நான் பதற்றத்தில் இருக்கிறேன். பதற்றத்தில் கட்டிய கம்பியால்தானே இவ்வளவும் வந்தது. கோடையில் நல்லாய் வறுத்தபோதும் இதே பிழைக் கம்பிதான் இருந்தது, ஆனால் பெட்டி கராஜுக்குள் இருந்தது. தெரியாத சரியைவிட, தெரிந்த பிழையோடு இன்றைக்கு வறுக்கலாம். கம்பியைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கராஜுக்குப் போனேன். அந்த மேடத்திடம் சொன்னபோது, "அது நல்ல முடிவு. ஆனா பெட்டிக்குக் கம்பளி போத்திடாதீங்க, அது அங்க உள்ள குளிர்லயே இருக்கட்டும்" என்றார். லப்ரொப்பைப் போர்க்கலாமாம். அது போர்வைக்குள் இருந்தது, அன்ரன்ரை கம்பளித் தொப்பி அதன் தலையில். அம்மாவும் ஜக்கற்றோடு வந்து பக்கத்தில் நின்றா.

"நீர் உள்ளை போம்."

"உங்களை நம்பியே போறது? நெருப்புப் பிடிச்சா நீங்கள் கோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பியள்."

முதலில் கேத்தில். நூறு. பிறகு கொட்டையைக் கொட்டினேன்.

கோடு கோடைக்காலத்துக் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போய், மெல்ல அதன்மேல் படுத்தது. கொட்டை சூடேறி வெடிக்கிற சத்தம் ஒன்று உண்டு, நெருப்புக்குச்சி முறிக்கிற மாதிரி. குசினிக்குள் இருந்த கிழமைகளில் நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. கேட்கவில்லையே என்று யோசிக்கவும் இல்லை. திரை இருக்கும்போது காது எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது கோடு அந்த இடத்தைத் தொட்டது, சத்தமும் வந்தது. முதலில் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு சடசடவென்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கதையைச் சொல்வதைக் கேட்க எவ்வளவு ஆறுதல் தெரியுமா? அம்மா என் கையைப் பிடித்தா. இறக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ என்றா. அவவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மணக்குது எல்லோ என்றா.

இறக்கியபோது கொட்டை பழுப்புக் கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு, குளிரில் மூக்கு ஒழுகச் சிரித்தோம். மேலே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த உங்களில் ஒருவர் என்ன சத்தம் என்று கேட்டீர்கள். ஒண்டுமில்லை, அப்பா கோப்பி வறுத்திட்டார் என்று அம்மா சொன்னா.

திங்கட்கிழமை கடைக்காரி ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, அடுத்த கிழமையும் இதே அளவுதானா என்று கேட்டார். நான் பிரெஞ்சில் ஓம் என்பதற்கு வீ, வீ என்று தலையாட்டினேன். வெளியே வந்து ரயில் நிலையத்து மர வாங்கில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். ரயில் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

கம்பியை ஒரு நாள் கழித்து, அவசரம் ஒன்றும் இல்லாதபோது, ஆறுதலாகக் கழற்றினேன். சிவப்பை மைனஸில் முறுக்கும்போது கை கேட்கவேயில்லை. வாய்விட்டு, மைனஸ், மைனஸ் என்று சொல்லிக்கொண்டு முறுக்கினேன். மூட்டிலும் நிறத்துக்கு நிறம் கட்டினேன். பிறகு பெட்டியைக் குசினியில் வைத்து, கேத்திலைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நூறு. பெட்டியைக் கராஜில் வைத்தும் பார்த்தேன். நூறு.

ஆகவே பிள்ளைகள், இன்றைக்குக் கடையில் உள்ள இயந்திரம் பெரிது, மென்பொருளும் வேறு, கம்பியும் கொம்பனிக்காரர் பூட்டியது. இருக்கட்டும். எந்தக் கருவியையும் அது வேலை செய்கிற இடத்தில், வேலை செய்கிற நிலையில் வைத்துத்தான் சோதியுங்கள். சூடான அறைக்குள் கொண்டுவந்து வைத்துக் கேட்டால் அது உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். பயமாக இருக்கிற நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். தெரியாததை இன்னொருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள், வெட்கப்பட்டுப் பாதியை ஒளிக்காதீர்கள். நான் கம்பி மாற்றிக் கட்டியதை ஒளித்திருந்தால் அந்த மேடத்துக்கும் பிடிபட்டிருக்காது.

இன்னும் ஒன்று. அடுத்த சனிக்கிழமை காலை அம்மா கோவிலில் பூ வைக்கப் போய்விட்டா. நீங்கள் மேலே நித்திரை. புது மூட்டை வந்திருந்தது, வறுக்க ஆயத்தமாகக் கராஜுக்குப் போகிறேன், இடைக்கதவுப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அம்மா பழக்கதோசத்தில், போகமுதல் சப்பாத்து, ஜக்கற் எல்லாவற்றையும் முன்வாசலில் கொண்டுபோய் வைத்திருந்தா. நெருப்பணைக்கும் சிலிண்டர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கேத்தில் வைத்தேன். நூறு. பிறகு அடுப்பை மூட்டவில்லை. முன்வாசலுக்குப் போய், ஜெனியின் சப்பாத்து, அன்ரன்ரை சப்பாத்து, அம்மான்ரை, ஒவ்வொரு சோடியாகத் தூக்கிக்கொண்டு வந்து, கராஜ் பக்கக் கதவடியில் பழைய இடத்தில் வைத்தேன். ஜக்கற்றுகளையும் கொழுவினேன். அன்ரன்ரை தொப்பியை லப்ரொப்பிலிருந்து கழற்றி, அவன்ரை ஜக்கற் பைக்குள் செருகினேன்.

அதற்குப் பிறகுதான் நெருப்புக்குச்சியைத் தட்டினேன்.